வெள்ளையடித்த விரிசல்

பெனியாவேரா,
12 ஏப்ரல் 1966

அன்புள்ள தம்பி எவரிஸ்தோவுக்கு,

அக்கா காசில்தா எழுதுவது. இந்தக் காகிதம் ஜெர்மனி வந்து சேரும்போது உன் உடம்பு நல்லபடியாக இருக்க வேண்டும், அந்த இரும்பாலைச் சூட்டில் கண் கெடாமல் இருக்க வேண்டும். எனக்கு இடுப்பு வலி ஒன்றைத் தவிரக் குறையில்லை. ஈஸ்டர் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் சோறு தண்ணி மறந்து சுண்ணாம்போடு கிடக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

மாகாணத்திலேயே அழகான ஊர் எது என்று போட்டி வைத்திருக்கிறார்கள். மே பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, நடுவர்கள் காரில் வருகிறார்கள். நம் ஊர்த்தலைவர் தோன் லெயாந்த்ரோ பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்றே பேசினார். "நானூறு வருஷமா பாறைக்கு அடியில வீடு கட்டி வாழுறோம். இத எவன் வந்து பாத்தான்? இனிமே கடற்கரையிலேர்ந்து பஸ் பஸ்ஸா வருவான் பாருங்க" என்றார். எதிர்மலை வால்தெசேராக்காரர்களும் போட்டியில் இருக்கிறார்களாம். அங்கே என்ன இருக்கிறது? ஒரு இடிந்த கோட்டை, அதற்குள் நாலு ஆடு. அவர்களிடம் தோற்றால் நான் வெளியில் தலைகாட்ட மாட்டேன், ஆமாம்.

சுண்ணாம்புப் பொறுப்பு எனக்குத்தான். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? பதினான்கு மிடாச் சுண்ணாம்பு நீற்றி, அளவாக நீலம் கலந்து வைத்திருக்கிறேன். கண் கூசுகிற வெள்ளை. வழக்கப்படி, ஆண்பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீட்டைத்தான் தெருப் பெண்கள் முதலில் அடித்து முடிக்க வேண்டும். அதனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் காரியமாக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் பெண்டாட்டி ருஃபீனாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் வழக்கம் என்று வந்தபின் கதவைச் சாத்த முடியுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், நான் என் இஷ்டத்துக்கு அடித்தேன்.

இங்கே உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சமையலறையில் அடுப்புக்கு மேலே பாறையில் ஒரு கோடு ஓடுகிறதே, அதன் மேல் மூன்று இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சத்தைக் குழைத்து அப்பி, 'ஜனவரி 9' என்று ஆணியால் கீறி வைத்திருந்தாயே, அது என்ன வேலை? பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றையும் உளியால் பெயர்த்து எறிந்துவிட்டேன். நடுவில் இருந்தது ஏற்கெனவே காய்ந்த ரொட்டி மாதிரி இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஊரிலேயே முதல் கொத்தனார் என்று பேர், வைத்த பூச்சு மூன்று மாசம் தாங்கவில்லை! ஜெர்மன்காரன் உன்னைத் துரத்தாமல் இருந்தால் சரி. நான் அந்தக் கோடு நிறையச் சுண்ணாம்பைத் திணித்து, மேலே நாலு பூச்சு அடித்தேன். அங்கே ஒரு விரிசல் இருந்தது என்று நீயே வந்து தேடினாலும் கிடைக்காது.

நான் அடித்த அழகைப் பார்த்துவிட்டு, நடுவர்களுக்கு உன் சமையலறையில்தான் ஒயின் கொடுப்பது என்று தோன் லெயாந்த்ரோ முடிவு செய்துவிட்டார். பாறையே சுவராக, பாறையே கூரையாக இருக்கும் வீடு வேறு எங்கே இருக்கிறது என்கிறார். அப்பா இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

உன் மகள் நீவெஸுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. என் விரலைக் கடித்துப் பார்க்கிறாள், அவள் அம்மாவின் குணம். உன் கூட்டாளி கிரிஸ்பின் இப்போது தரையில் இல்லை. நம் வீட்டுக்கு நேர் மேலே, பாறை உச்சியில், வருகிறவர்கள் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை கட்டுகிறான். கோவேறு கழுதை கழுதையாகக் கல் ஏறுகிறது. பூச்செடிக்குத் தண்ணீர்த் தொட்டியும் கட்டுகிறார்களாம்.

வேளைக்குச் சாப்பிடு. கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. உன் முகத்தை ஆகஸ்டில் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா காசில்தா


பெனியாவேரா,
1 மே 1966

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் தெருவில் வைத்தே கொடுத்தார். நின்றபடி படிக்க ஆரம்பித்தேன், முடிக்கும்போது ரொட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அது பூச்சு இல்லை, சாட்சி என்று எழுதியிருக்கிறாய். பாறை மயிரிழை அசைந்தாலும் ஜிப்சம் தாங்காமல் உடைந்துவிடும், உடைந்த அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வைத்தாய். மாதம் ஒருமுறை வந்து பார்க்கும்படி கிரிஸ்பினிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவன் மேடை வேலையில் ஒரு தடவைகூட வரவில்லை. ருஃபீனாவிடம் சொன்னால் பயத்தில் பால் வற்றிவிடும் என்று அவளிடம் மறைத்தாய். சரி. என்னிடம் ஏன்டா சொல்லவில்லை? எனக்கே தெரியும் ஏன் என்று. என்னிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். என் வாய் அப்படி.

நீ கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். முதலாவது, அந்த ஜிப்சப் பட்டை குறுக்கே உடைந்திருந்ததா, கோட்டின் போக்கிலேயே உடைந்திருந்ததா என்று கேட்டாய். கோட்டின் போக்கிலேயேதான். இரண்டாவது, எவ்வளவு இடைவெளி? என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது, பெயர்ப்பதற்கு முன்னால் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது, மேலே பாரம் ஏதாவது ஏற்றுகிறார்களா? போன கடிதத்தில் பெருமையாக எழுதினேனே, அதேதான். தொட்டியில் இப்போது தண்ணீரும் நிரப்பிவிட்டார்கள். அது கசிகிறது.

கிரிஸ்பினை மேலேயிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். சுத்தியல் காம்பால் கோடு போன வழியெல்லாம் தட்டினான். இடப்பக்கம் கல் சத்தம் வந்தது, வலப்பக்கம் காலிப் பானைச் சத்தம் வந்தது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "என்ன கிரிஸ்பின்?" என்று கேட்டால் என்னைப் பார்க்காமல் சுத்தியலைத் துடைக்கிறான். "நானூறு வருஷம் நின்ன பாற, பதினஞ்சு நாள் நிக்காதா புள்ள? நடுவருங்க வந்துட்டுப் போவட்டும். இப்ப வாயத் தொறந்தா தலைவரு என்னைய ஊருல வச்சிருக்க மாட்டாரு" என்றான். உன் கூட்டாளி! நீ அவன் கல்யாணத்துக்குச் சீமையிலிருந்து விளக்கு வாங்கி வந்தாய்.

தோன் லெயாந்த்ரோவிடமும் போனேன். முதலில் சிரித்தார். "என்ன காசில்தா, இந்த வயசுல வால்தெசேராவுல உனக்கு மாப்பிள்ள பாத்துட்டாங்களா? அந்த ஊருக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுற?" என்றார். இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை, "மாப்பிள்ளை கிடைச்சா முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் ஐயா, அதுவரைக்கும் என் தம்பி பொண்டாட்டி உசுரோட இருக்கணும்ல" என்றேன். சிரிப்பு நின்றது. பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார், போட்டி முடியும்வரை 'விரிசல்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தால் காவல்படைக்காரர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று.

பாறை அதுவாகக் கீழே வரட்டும், காவல்படை வரட்டும், எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. பெரிது ருஃபீனா. அவள் நகர மாட்டேன் என்கிறாள்.

நீ அவளுக்குத் தனியாக எழுதிய கடிதமும் அதே தபாலில் வந்துவிட்டது. அவள் அதைப் படித்துவிட்டு, மடித்து, ரொட்டிப் பெட்டியில் போட்டுவிட்டாள். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையாலேயே சாட்சியைப் பெயர்த்தேன் என்றும் சொன்னேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன், நம்பினால் நம்பு. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்கிறாள்: "எங்க கல்யாணத்தன்னிக்கு என்னக்கா சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் சொன்னீங்கள்ல, 'இந்த வீட்டுல உன் கால் ரொம்ப நாள் தங்காது'ன்னு? அத இப்ப நடத்திக் காட்டணும், அவ்ளோதான?"

சொன்னேன்தான். அன்றைக்குச் சொன்னேன். அப்பா சாகும்போது வீட்டை உன் பேருக்கு வைத்தார், அம்மா இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், உன் கல்யாணத்துக்கு மறுநாள் மூட்டையைக் கட்டி ரொட்டிக்கடை மாடி அறைக்கு வந்தவளும் நான். வயிற்றெரிச்சலில் வந்த பேச்சு அது. அவள் அதை மூன்று வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

உன் கையெழுத்தைக் காட்டினால், "எழுதினது அவருதான், எழுத வச்சது நீங்க. சின்னதுலேர்ந்து உங்க பாவாடையப் பிடிச்சுக்கிட்டே வளந்தவரு. நேர்ல வந்து, பாறைல கைய வச்சு, 'போ ருஃபீனா'ன்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் போறேன். அதுவரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் இது என் வீடு" என்கிறாள்.

ஆகஸ்டுக்கு முன்னால் லீவு கிடையாது, கிளம்பினால் ஒப்பந்தம் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். தெரிகிறது. ஆனாலும் மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டுப் பாரேன். நான் இங்கே முடிந்ததைச் செய்கிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும், குழந்தையையும்.

உன்,
காசில்தா


பெனியாவேரா,
10 மே 1966

எவரிஸ்தோ,

இதைப் படித்துவிட்டு நீ கோபப்படுவாய், பிறகு சிரிப்பாய். சிரிக்கும் இடத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் உன் வீட்டில் குடியேறிவிட்டேன். போன புதன்கிழமை மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, துணிமூட்டையையும் என் இரும்புச் சட்டியையும் கையில் பிடித்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்ச் சமையலறை மூலையில் விரித்துவிட்டேன். ருஃபீனா கரண்டியோடு வந்து நின்றாள். "ரொட்டிக்கடை மாடியில எலி. அப்பன் வீட்டுல நாலு நாள் இருந்தா குறைஞ்சா போகும்?" என்றேன். அவளுக்கு மறுக்க முடியவில்லை, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு திறமை உண்டு என்று நீ அடிக்கடி சொல்வாயே, பக்கத்தில் இருப்பவர்களைப் பைத்தியமாக்குகிற திறமை. அதை முழுசாக எடுத்து வெளியே வைத்தேன். அவள் துவைத்து உலர்த்திய குழந்தைத் துணியை எடுத்து அவள் கண்முன்னால் மறுபடி துவைத்தேன். அவள் கொண்டைக்கடலைக் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டுத் திரும்பினால் ஒரு பிடி உப்பைப் போட்டேன். நீவெஸ் அழுதால், "பால்ல சத்து இல்ல, அதான் கத்துது" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். அப்பா இந்த நாற்காலியில் உட்காருவார், அம்மா இந்த ஆணியில் துணி மாட்டுவாள், இதை யார் இங்கே நகர்த்தியது என்று காலையிலிருந்து ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பொறுமைசாலிதான், மூன்றரை நாள் தாங்கினாள். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தட்டை வீசினாள். எனக்குப் படவில்லை. "வச்சுக்கோங்க! உங்க அப்பன் வீட்ட நீங்களே கட்டிப்பிடிச்சு அழுங்க! ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க, நீங்க என்னிக்கு இந்தப் படிய விட்டு இறங்குறீங்களோ, அன்னிக்கு நான் ஏறுவேன்" என்றாள். குழந்தை, தொட்டில், ஒரு சட்டி, உன் போட்டோ. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு, அவள் அம்மா வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் தெருவைத் தாண்டி வளைவில் மறைந்த பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது நீ சிரிக்கக் கூடாத இடம்.

நான் சும்மா இருக்கவில்லை, உன் சாட்சிக்குப் பதில் ஒன்று செய்து பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் அந்தக் கோட்டின் மேல் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு சுண்ணாம்பு அடிக்கிறேன். மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அடுப்புக்கு மேலே தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு. மூன்றாம் நாள் அது கூரையில் பாதிவரை போயிருந்தது. இன்று காலை முழுசாக, அடுப்பிலிருந்து வாசல் நிலைவரை. நிலையும் இறங்கியிருக்க வேண்டும், கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. பாலை மூடி வைக்காவிட்டால் மேலே மாவு தூவியது மாதிரி தூசி படிகிறது.

மத்தியானம், ஊரெல்லாம் தூங்கும் நேரத்தில், ஒரு சத்தம் கேட்கிறது. பல் இல்லாத கிழவன் மண்ணை மெல்லுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் வரும், நின்றுவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. சொல்வதற்கு என்ன வெட்கம்?

தோன் லெயாந்த்ரோ வந்து பார்த்துவிட்டுப் போனார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சனிக்கிழம சாயங்காலம் நல்லா தடிமனா ஒரு பூச்சு அடிச்சுரு. ஞாயித்துக்கிழமைக்குத் தாங்கும்ல?" என்று கேட்டார். பாறையைக் கேட்கவில்லை, பூச்சைத்தான் கேட்டார். வேறு வீட்டில் ஒயின் கொடுங்களேன் என்று கெஞ்சினேன். நடுவர்களுக்குப் போட்டோ அனுப்பியாகிவிட்டதாம், அவர்கள் இந்தச் சமையலறையைத்தான் கேட்கிறார்களாம்.

தெருக்கோடி வீடு என்பதால் நம் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மற்ற வீடுகள் வரை வரவில்லை. அது ஒரு நிம்மதி. பக்கத்துத் தொழுவத்தில் கட்டியிருந்த கழுதையையும் சொல்லி அவிழ்க்க வைத்துவிட்டேன்.

நீ மேஸ்திரியைக் கேட்டாயா? என்ன சொன்னான்? பதில் எழுதும்போது ருஃபீனாவுக்கு எழுதாதே, எனக்கு எழுது. அவளுக்கு எழுதினால், நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்து வீம்புக்கு மேலே வந்துவிடுவாள்.

அன்புடன்,
காசில்தா


பெனியாவேரா,
17 மே 1966

என் கண்ணே, எவரிஸ்தோ,

ஜெயித்துவிட்டோம். முதல் பரிசு பெனியாவேராவுக்கு. வால்தெசேராவுக்கு மூன்றாவதுகூட இல்லை. ஊரில் இரண்டு நாளாக மணி அடிக்கிறார்கள், வேட்டு வெடிக்கிறார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் நான் கூரையைப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் நான்கு பேர் வந்தார்கள். சனிக்கிழமை நான் அடித்த பூச்சு தாங்கவில்லை, காலையிலேயே விரிந்துவிட்டது, நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன். பொய் எதற்கு, வேண்டுமென்றேதான் விட்டேன். யாராவது ஒரு படித்தவன் பார்த்துக் கேட்பான் என்று காத்திருந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் கேட்கவும் கேட்டார், "இந்தக் கறுப்புக் கோடு என்ன?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் தோன் லெயாந்த்ரோ, "அது பாறையோட நரம்பு ஐயா, இந்த ஊருக்கே உள்ள விசேஷம்" என்றார். அந்த மனிதர் நோட்டில் எழுதிக்கொண்டார். "இல்ல ஐயா, அது நரம்பு இல்ல, பாறை பிளக்குது, இந்த வீட்டுல ஒரு கைக்குழந்தை இருந்துச்சு" என்று நான் கத்தியே சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தோன் லெயாந்த்ரோ தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டி, "கல்யாணம் ஆகல, பாவம், தனியாவே இருந்து இருந்து இப்படி ஆயிருச்சு" என்றார். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒயினைக் குடித்து முடித்தார்கள். காவல்படைக்காரர் என்னை ரொட்டிக்கடைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். நடுவர்கள் போனதும் நான் மறுபடி உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஊரில் இப்போது நான் பைத்தியம். போகட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் வருகிறது. பாறை மேல் மேடைக்கு நாடா வெட்டப் போகிறார்கள். நாற்பது பேர் அதில் ஏறி நிற்பார்களாம்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நேற்று நடந்தது.

உன் மாமியார் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் நம் புகைபோக்கி தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. ருஃபீனா தினமும் காலையில் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நின்று பார்க்கிறாளாம், புகை வருகிறதா என்று. புகை வந்தால் நான் இருக்கிறேன். வராவிட்டால் நான் போய்விட்டேன், அவள் ஏறலாம். நேற்று காலை விறகு தீர்ந்துவிட்டது. அடுப்பு மூட்டாமல் ரொட்டிக்கடைக்குப் போய் உட்கார்ந்து, கடைக்காரியோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். பேசும்போதே தற்செயலாகக் கீழே பார்க்கிறேன், ஆற்றங்கரையிலிருந்து படிக்கட்டில் ருஃபீனா ஏறி வருகிறாள். ஒரு கையில் நீவெஸ், இன்னொரு கையில் தொட்டில் துணி.

எவரிஸ்தோ, எனக்கு நாற்பத்தொன்பது வயது, இடுப்பு வலி. அந்த ஏற்றத்தில் நான் ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே போயிற்று. குறுக்குச் சந்தில் புகுந்து ஒரு தோட்டச் சுவரேறிக் குதித்து, கதவை முட்டித் திறந்து, வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் பூண்டைப் போட்டு உரிக்க ஆரம்பித்தேன். மூச்சு வாங்குவது தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் தெருமுனை திரும்பியபோது நான் தலையைத் தூக்கி, "என்ன, வீட்ட வேவு பாக்க வந்தியா? இன்னும் சாகல நான்" என்றேன். இதைவிடக் கேவலமாகவும் ஒன்று சொன்னேன், அதை எழுத மாட்டேன். அவள் முகம் சிவந்து, தெருவில் காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நீவெஸ் அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையை நீட்டினாள். நான் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போய் அரைமணி நேரத்தில் தொட்டில் கிடந்த இடத்தில் மேலேயிருந்து ஒரு கல் விழுந்தது. ரொட்டி அளவு இருக்கும். தரை ஓடு உடைந்து பள்ளம் விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் ருஃபீனாவிடம் காட்டலாமா என்று நினைத்தேன். நான் படியை விட்டு இறங்கிக் கீழே போய்ச் சேரும் நேரத்தில் அவள் வேறு வழியாக மேலே ஏறிவிட்டால்? அவளைப் பார்த்தாலும், "உளியால நீங்களே பெயர்த்ததுதான?" என்று கேட்பாள். கேட்பாள், அவளை நான் குறை சொல்ல முடியாது. நான்தானே உளியோடு ஏறியவள்.

அதனால் நான் இங்கேயே இருக்கிறேன். விறகு வாங்கி அடுக்கியாகிவிட்டது. காலையில் முதல் காரியமாக அடுப்பு மூட்டுகிறேன், ஈரக் கட்டையும் சேர்த்துப் போடுகிறேன், புகை நன்றாகத் தெரியட்டும். சமையல் இல்லாவிட்டாலும் மூட்டுகிறேன். நான் இங்கே இருக்கும்வரை அவள் இங்கே வர மாட்டாள்.

உன் ஒப்பந்தம் போனால் போகட்டும். கிளம்பு. இதைப் படித்த அன்றைக்கே கிளம்பு. ரயிலில் மூன்று நாள், அப்புறம் பஸ். யாராவது ஏதாவது கேட்டால், அக்கா சாகக் கிடக்கிறாள் என்று சொல், தப்பில்லை.

ஆனால் வந்ததும் ஒன்றைக் கேள், இதில் மட்டும் பிடிவாதம் பிடிக்காதே. நேராக மேலே வராதே. வீட்டைப் பார்க்க வராதே, என்னைப் பார்க்கவும் வராதே. ஆற்றங்கரைக்குப் போ. முதலில் நீவெஸை வாங்கி உன் கையில் வைத்துக்கொள். அவள் எவ்வளவு கனம் என்று பார். அப்புறம் ருஃபீனாவின் கையைப் பிடித்து உட்கார வைத்து, இனி அந்த வீடு இல்லை என்று உன் வாயால் சொல். நீ சொன்னால் நம்புவாள். அவள் நம்பிய பிறகு, கீழேயிருந்து யாரையாவது விட்டு எனக்குக் குரல் கொடு. குரல் கேட்டால் நான் வந்துவிடுவேன். எனக்கு மட்டும் இங்கே இருக்க ஆசையா என்ன?

வரும் வழியில் அவளுக்குக் கடிதம் எதுவும் போடாதே. என்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல் எழுதிவிடாதே. அக்கா உனக்காகத்தான் இப்படிச் செய்தாள், பாவம் அக்கா, அது இது என்று எழுதினால் அவள் மனசு இளகிவிடும். அவள் நல்ல பெண், என்மேல் இரக்கம் வந்துவிட்டால் என்னைக் கூட்டிப்போக மேலே ஏறி வந்துவிடுவாள், குழந்தையை யாரிடமும் விட்டுவிட்டு வரும் வழக்கமும் அவளுக்குக் கிடையாது. நீ வரும்வரை அவள் என்னை வெறுக்கட்டும்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வா.

உன்னைத் தூக்கி வளர்த்த,
காசில்தா